டச்சு பேசும் மாடும் உளுந்துப் பெட்டியும்

எங்கள் வீட்டு அலமாரிக்குள் ஒரு மாடு டச்சு பேசும். பிளாஸ்டிக் மாடுதான். கதவை ஓங்கிச் சாத்தினாலும் தெருவில் குப்பை லாரி போனாலும் அதற்கு முழிப்புத் தட்டிவிடும். "ஹூட் ஸோ!" என்று கத்தும். சபாஷ், நன்றாகச் செய்தாய் என்று பொருள். ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, நான் கரித்துணியோடு நின்றபோதும் சபாஷ் சொன்னது. நெதர்லாந்தின் எய்ந்தோவன் நகரத்துக்கு வந்த நான்கு வருஷத்தில் என்னை மனசாரப் பாராட்டிய ஒரே ஜீவன் அதுதான். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் மாடு கத்தினால் அதற்குப் பசிக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் வேண்டும். காரணமில்லாமல் வாயைத் திறக்கிற மாட்டை இங்கே வந்துதான் பார்த்தேன்.

அது எங்கள் வீட்டுக்கு வந்த கதை எங்கள் புத்திசாலித்தனத்துக்கு ஒரு சான்று. மகள் கனிக்கு இரண்டு வயது ஆனபோது வாயில் ஒரு வார்த்தை கிடையாது. அம்மா இல்லை, அப்பா இல்லை. வேண்டியதைக் கைகாட்டுவாள், வேண்டாததைத் தள்ளிவிடுவாள். சின்னப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கும் நிலையத்தை இங்கே கன்சல்டாசிபுரோ என்கிறார்கள். அங்கே கூட்டிப் போனோம். நெட்டையான ஒரு செவிலி, கனியைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் கேட்டாள்: "வீட்டில் ஒலி எழுப்பும் பொம்மை இருக்கிறதா?" கேட்டது அவ்வளவுதான். நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அங்கிருந்து நேரே பொம்மைக் கடைக்குப் போனோம்.

ஏன் போனோம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும். எங்கள் ஊரில் டாக்டர் கேள்வி கேட்பதில்லை, கேள்வி மாதிரி உத்தரவு போடுவார். "பிள்ளைக்குச் சத்துமாவு குடுக்கீங்களா?" என்றால் போய் வாங்கு என்று அர்த்தம். என் அண்ணனுக்குச் சின்ன வயதில் காமாலை வந்தபோது டாக்டர் "வீட்டுல இளநி இருக்கா?" என்று கேட்டார். அப்பா அன்றைக்கே கயத்தாறு வரைக்கும் பஸ்ஸில் போய் ஒரு குலையை வாங்கிவந்து, வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல், டாக்டர் மேஜைமேல் வைத்துக் காட்டினார். அந்த ரத்தம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது.

வாங்கினோம். பொத்தானை அமுக்கினால் பாடும் டெலிபோன், தன்னைத் தானே வாசித்துக்கொள்ளும் புத்தகம், எண் சொல்லும் பஸ், எல்லாவற்றுக்கும் மேலாக இந்த மாடு. என் கணவர் கணினிப் பொறியாளர். பெட்டியில் அச்சடித்திருந்தால் போதும், அவருக்கு அது வேதம். "மொழி வளர்ச்சிக்கு உதவும்னு போட்டிருக்கு செல்வி" என்றார். யாருடைய மொழி என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் டச்சில் நாலு வார்த்தை தெரியாது. பிள்ளைக்கு மொழி கற்றுக்கொடுக்கும் வேலையை, எங்களுக்கே புரியாத ஒரு மாட்டிடம் ஒப்படைத்துவிட்டு, பெருமையாக பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம்.

அந்தப் பொம்மைகள் செய்கிற வேலையைக் கொஞ்சம் கேளுங்கள். "மாடு எங்கே?" என்று கேட்கும். பிள்ளை நிமிர்ந்து பார்ப்பதற்குள் "இதோ மாடு!" என்று தானே பதில் சொல்லும். "ஹூட் ஸோ!" என்று தனக்குத் தானே சபாஷும் போட்டுக்கொள்ளும். கேள்வியும் அதுவே, பதிலும் அதுவே, கைதட்டலும் அதுவே. பிள்ளைக்கு மிச்சம் இருந்தது பொத்தானை அமுக்குகிற வேலை ஒன்றுதான். கனி அதைச் சிரத்தையாகச் செய்தாள். வீடு முழுக்கப் பேச்சு, ஆனால் பேசுகிற ஆள் ஒருவரும் இல்லை. அவர் ஆபீசுக்குப் போய்விடுவார், நான் சமையலறையில் நிம்மதியாக இருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது வசதியாக இருந்தது. நான் வாயைத் திறந்தாலும், "கனிக்குப் பால் வேணுமா? வேணும், வேணும்" என்று அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். எனக்கும் மாட்டுக்கும் இருந்த வித்தியாசம் பேட்டரி மட்டுந்தான்.

மூன்று மாதம் ஆகியும் கனிக்குப் பேச்சு வராமல்போகவே, அத்தனை பொம்மையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டுபோய்ச் செவிலியின் மேஜையில் கொட்டினேன். மாடு ஒரு சபாஷ் சொன்னது. அவள் மிரண்டுபோனாள்.

"இதெல்லாம் எதற்கு?"

"நீங்கள்தானே சொன்னீர்கள்."

"நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று கேட்டேன். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன்."

அதன்பிறகுதான் விளக்கினாள். பிள்ளை தொட்டால், தட்டினால், குலுக்கினால் மட்டும் சத்தம் வரவேண்டும். மெல்லக் குலுக்கினால் மெல்லக் கேட்கவேண்டும். சத்தம் நின்ற பிறகு மனிதர் பேச இடம் இருக்கவேண்டும். அதோடு வீட்டில் உங்கள் மொழியையே பேசுங்கள் என்றாள். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் அவள் வாய் வலித்திருக்குமா? இந்த ஊரில் கேட்காததற்குப் பதில் சொல்லமாட்டார்கள், அது மரியாதையாம். கிளம்பும்போது, மூன்று வயதிலும் பேச்சு வராவிட்டால் கனியைப் பேச்சு வராத பிள்ளைகளுக்கான தனிப்பள்ளியில் சேர்ப்பது பற்றி யோசிக்கலாம் என்றும் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். வெளியே வந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன்.

அந்த மார்கழியில் கோவில்பட்டிக்குப் போனோம். கனி மாட்டை விடமாட்டேன் என்று அடம்பிடித்ததால் அதுவும் விமானம் ஏறியது. என் அண்ணன் பஜாரில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறான். தங்கச்சி மகள் வாய் திறக்காதது அவனுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, மாடு பேசுவதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

"இது இங்கிலீஷ் பேசாதா?" என்றான்.

"டச்சு மட்டுந்தான்."

"சே! இங்கிலீஷ் பேசுத மாடா பாத்துக் கொண்டாந்திருக்கலாம்லா!"

என்றாலும் விடவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கல்லாப்பெட்டிமேல் வைத்துவிட்டான். சீப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அது டச்சில் சபாஷ் சொல்ல, "அண்ணாச்சி, எனக்கும் இதுல ஒண்ணு வரவழைச்சுக் குடுங்க, பிள்ளைய இங்கிலீஷ் மீடியத்துல போட்டிருக்கேன்" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்களாம். தன் பிள்ளையிடம் பத்து நிமிஷம் பேச நேரமில்லாத ஊர் ஐரோப்பாவில் மட்டும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் மாடு கடைக்குப் போனதில் ஒரு நன்மை. வீடு வாயை மூடியது. அண்ணன் மனைவி, என் மதினி, இடைசெவல்காரி. சம்சாரி வீட்டுப் பெண், விவசாயக் குடும்பம். பிள்ளை வளர்ப்பு, மொழி வளர்ச்சி என்று எதையும் யோசிக்கிற ஆள் இல்லை, சமையலறையில் பிள்ளைகள் காலைச் சுற்றாமல் இருந்தால் அவளுக்குப் போதும். அதற்காகக் காலித் தீப்பெட்டிகளில் பெட்டிக்கு ஒரு தானியத்தைப் போட்டு, வாயைப் பசை வைத்து ஒட்டி, ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். தீப்பெட்டித் தொழில் நடக்கிற எங்கள் ஊரில் தீப்பெட்டிக்கு என்ன பஞ்சம்! உளுந்து கலகலவென்று கேட்கும். கம்பு சலசலக்கும். பருத்திக்கொட்டைக்குப் பஞ்சு ஒட்டியிருப்பதால் அமுங்கின சத்தம் வரும். ஒன்றை எடுத்துக் கனியின் காதருகே குலுக்கி, "ஏட்டி, உள்ள என்ன?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கத்திரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். பெட்டி அவள் மடியில் கிடந்தது.

கனி பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "உளுந்துன்னு சொல்லு கனி, உ-ளு-ந்து" என்றேன்.

மதினி அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். "நீ சும்மா இரு செல்வி. உன்கிட்டயா கேட்டேன்?"

மூன்று நாள் இதே கதை. குலுக்குவாள், கேட்பாள், காய் நறுக்குவாள். கனி பெட்டியை வாங்கித் தானும் குலுக்குவாள், திருப்பிக் கொடுப்பாள். சபாஷ் கிடையாது, கெஞ்சல் கிடையாது. நான் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் காலையில் மதினி கைக்கு வந்த பெட்டி, அடுப்புப் பற்றவைத்துத் தீர்ந்துபோன வெறும் பெட்டி. தெரியாமல் அதைக் குலுக்கி, "உள்ள என்னட்டி?" என்றாள். சத்தமே வரவில்லை. கனி தலையைச் சாய்த்துக் கேட்டாள். மறுபடி குலுக்கு என்பதுபோல் மதினியின் கையைப் பிடித்தாள். பிறகு, மதினி முகத்தைப் பார்த்து, "இல்ல" என்றாள்.

மதினி பெட்டியைத் திறந்து பார்த்தாள். "ஆமா, இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கத்திரிக்காயை எடுத்தாள். நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்று அழுதேன். ஊருக்குக் கிளம்புவதற்குள் 'உந்து', 'கம்பு' என்று ஆறேழு வார்த்தை வந்துவிட்டது. மாட்டை அண்ணன் திருப்பிக் கொடுத்தான், அதற்குள் அதன் ஒரு கொம்பு போயிருந்தது.

எய்ந்தோவனுக்குத் திரும்பி, உளுந்து போட்டு, பசை வைத்து ஒட்டி, நன்றாகக் காயவைத்த ஒரு தீப்பெட்டியைச் செவிலியிடம் காட்டினேன். முதலில் நெருப்பு என்று பயந்தாள். பிறகு குலுக்கினாள். "உந்து" என்றாள் கனி. "இது வார்த்தையா, வெறும் சத்தமா?" என்று செவிலி என்னிடம் கேட்டாள். "வார்த்தை. எங்கள் வார்த்தை" என்றேன். தனிப்பள்ளிப் பேச்சை அதன்பிறகு அவள் எடுக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தோறும் மதினிக்குப் போன் போடுகிறோம். போனவாரம் கனியே கேட்டாள், "அத்த, பெட்டி." மதினி எழுந்துபோய் டப்பாவைத் திறக்கிற ஓசை கேட்டது. "ஏட்டி கனி, இங்கன கேளு. உள்ள என்ன?" என்றாள். நான் ரிசீவரைக் கனியின் காதில் வைத்து, என் காதையும் ஒட்டிக்கொண்டேன். எத்தனையோ மைல் கம்பி கடந்து மதினியின் மூச்சு வந்தது, பஜாரில் போகும் லாரியின் ஹாரன் வந்தது. தானியத்தின் சத்தம் மட்டும் வரவில்லை. மதினி விடாமல் குலுக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் வளையல் ஓசையில் தெரிந்தது.

கனி தலையைச் சாய்த்து, நிதானமாகக் கேட்டாள். "இல்ல" என்றாள்.

"என்னட்டி இல்லங்குத? பெட்டி நெறைய உளுந்துட்டி!" என்று மதினி அந்தப் பக்கம் கத்தினாள். கனி என்னைப் பார்த்தாள். மதினி சொல்வதும் நிஜம், என் மகள் கேட்டதும் நிஜம். யாருக்கு எதை எடுத்துச் சொல்வது என்று தெரியாமல், ரிசீவரைப் பிடித்தபடி நடுவில் நின்றேன்.