மந்தைவெளி வேகம், மாம்பலம் வேகம்

புது கேசட்டின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்கும்போது ஒரு வாசனை வருமே... பெட்ரோலும் புதுப் பாடப்புத்தகமும் கலந்த மாதிரி. இன்று காலை காரணமே இல்லாமல் அது ஞாபகத்துக்கு வந்தது. கூடவே எங்கள் தி.நகர் ஆபீசும் வந்துவிட்டது.

தொண்ணூறுகள். ஒரு மாடியில் டி.டி.பி. சென்டர். ஊரார் கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. நான் மேற்கு மாம்பலத்திலிருந்து நடந்தே வந்துவிடுவேன். பக்கத்து சீட் செல்வம் மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது 'பனைமட்டை'.

சிரிக்காதீர்கள், அது ஒரு பாட்டுக் குழுவின் பெயர். அடையாறில் யாரோ நாலு பேர், பறையையும் உறுமியையும் எலெக்ட்ரிக் கிட்டாரோடு சேர்த்து வாசித்தார்கள். இரண்டே கேசட் போட்டார்கள். முதலில் 'பொட்டல்', அப்புறம் 'ஈரச்செங்கல்'. எங்களைத் தவிர அவற்றை வாங்கிய மூன்றாவது ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஆனால் அந்த இரண்டு கேசட்டுக்குள் எங்களுக்குக் குடுமிப்பிடிச் சண்டை!

எனக்கு 'ஈரச்செங்கல்'தான் உயிர். துள்ளிக்கொண்டு ஓடும். 'பொட்டல்' ஒரே அவசரம், கேட்டால் எனக்கே மூச்சு வாங்கும். செல்வத்துக்கு நேர்மாறு.

“'பொட்டல்' எப்டி கனமா கீது தெரியுமாங்க? ரெண்டாவது இன்னா, ஒரே அழுவாச்சி. கொட்டாவி வருது.”

“அழுவாச்சியா? அந்தப் பையன் என்னமா குதிச்சுப் பாடறான்!”

“பையனா? அம்பது வயசு ஆளுங்க அது. தொண்டையே சொல்லுதே.”

கேசட் அட்டையில் ஒரு பனைமட்டை வரைந்திருந்ததே தவிர, ஆள் படம் கிடையாது. அதனால் பாடகர் வயசுப் பஞ்சாயத்தும் தீரவில்லை. ஒருவேளை கேசட்டில்தான் கோளாறோ என்று ஒரு சனிக்கிழமை கேசட்டுகளை மாற்றிக்கொண்டு போனோம். திங்கட்கிழமை இரண்டு பேரும் அதே கட்சி.

இதற்கு நடுவில் ஒரு நாள், யாருடைய பத்திரிகைக்கோ பிழை திருத்திக்கொண்டிருந்தபோது செல்வம் மெதுவாகக் கேட்டார்.

“இந்த மாதிரி ஒண்ணுல நம்ம பேரையும் போட்டா இன்னாங்க?”

எனக்கும் ஆசைதான். ரொம்ப ஆசை. ஆனால் பயமாகவும் இருந்தது. ஒரே பாட்டு எனக்குத் துள்ளலாகவும் அவருக்கு ஒப்பாரியாகவும் கேட்கிறதே... நாளைக்கு ஒரு வீட்டுக்குள் எதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி கேட்கும்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த வருஷப் பொங்கலுக்கு செல்வத்தின் அம்மா ஆபீஸ் மொத்தத்தையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். சர்க்கரைப் பொங்கல் தட்டு கைக்கு வந்ததும் செல்வம் தன் டேப்ரெக்கார்டரில் 'ஈரச்செங்கல்' போட்டார்.

“இப்ப கேட்டுட்டு சொல்லுங்க, ஒப்பாரியா இல்லையான்னு.”

முதல் பாட்டு வந்தது... வந்துகொண்டே இருந்தது. பறையின் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நான் ஒரு வாய் பொங்கலே சாப்பிட்டிருக்கலாம். பாடகருக்கு நிஜமாகவே அம்பது வயசு!

நான் முழிப்பதைப் பார்த்து அவர் அம்மா சொன்னார்.

“அது அப்டித்தாம்மா இழுத்துக்கினு பாடும். உள்ள பெல்ட்டு லூசு. ரேடியோ நல்லா கீது, கேசட்டு போட்டாதான் இப்டி. இவன் எங்க ரிப்பேருக்குக் குடுக்கறான்?”

சிரித்த சிரிப்பில் முந்திரிப்பருப்பு மூக்குக்கு ஏறிவிட்டது. கேசட்டை மாற்றிக்கொண்ட அறிவாளிகளுக்கு டேப்ரெக்கார்டரை மாற்றிக் கேட்கத் தோன்றவில்லை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வம் எங்கள் வீட்டுக்கு வந்து, என் செட்டில் 'ஈரச்செங்கல்' முழுவதையும் கேட்டார்.

“சரிங்க. நான் தோத்துட்டேன்.”

“அப்ப பத்திரிகை அடிச்சிடலாம்” என்றேன். நானே டைப் செய்தேன். பிழை திருத்தியது அவர்.

கல்யாணமான புதிதில் இரண்டு கேசட்டையும் என் செட்டே நாடாவோடு தின்று தீர்த்தது. அதன்பின் கேட்க வழியில்லை. ஆனால் ஜெயித்ததைச் சொல்லிக்காட்ட கேசட் எதற்கு? ஒவ்வொரு சண்டையிலும் சொன்னேன். “பெல்ட் லூசா இருந்த ஆள்தானே நீங்க!”

போன மாதம் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு கேசட்டையும் இணையத்தில் ஏற்றியிருந்தார். பரபரப்பாக இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து போனில் போட்டோம்.

அது என் 'ஈரச்செங்கல்' இல்லை.

அவருடையதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், பாட்டு தன் பாட்டுக்கு நிதானமாக நடந்து போகிறது. பாடகருக்கு முப்பது வயசு இருக்கலாம். செல்வம் என்னையே பார்த்தார். அந்த நாளில் என் செட்டைப் பங்கு போட்டுக்கொண்ட என் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“அதுவா? மோட்டார் பின்னாடி ஒரு ஸ்க்ரூ இருக்கும்க்கா. நான்தான் திருகி வச்சேன். உன் பாட்டு சீக்கிரம் முடிஞ்சாதானே எனக்கு ரேடியோல கமெண்ட்ரி கேக்க முடியும்?”

செல்வம் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தார். “அப்ப தப்பான தீர்ப்புலயா நான் மாட்டிக்கினேன்?”

“அப்பீலுக்கு டைம் எப்பவோ முடிஞ்சிடுச்சு” என்றேன்.

அப்போது ஒரு பாட்டு வீட்டுக்கு வீடு வேறு வேகத்தில் ஓடியது. இப்போது யார் போட்டாலும் ஒரே வேகம். வேண்டுமென்றால் கூட்டவும் குறைக்கவும் போனிலேயே வசதி இருக்கிறது. அவர் இல்லாத நேரங்களில் நான் குறைத்து வைத்துக் கேட்பதுண்டு. அந்த இழுவைக்கு நடுவில் மந்தைவெளி வீடும், இப்போது இல்லாத என் மாமியாரின் குரலும் வந்துவிடும். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. ஜெயித்தவளுக்கு இது மரியாதையா?

நேற்று சாயங்காலம் காய்கறிப் பையோடு படியேறும்போது உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம். துள்ளிக்கொண்டு, காலேஜ் பையன் குரலில்... என் மாம்பலத்து வேகம். ஜன்னல் வழியே பார்த்தால், அவர் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிகிறவரை பெல் அடிக்காமல் வாசலிலேயே நின்றேன்.

சரியான வேகத்தில் அந்தப் பாட்டை எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை யாரும் கேட்கவில்லை.