பொட்டலத்தில் அகப்பட்ட நூல்

விமானப் பணிப்பெண் வேலையில் பறக்கிற நேரத்தைவிடப் பையைத் திறந்து காட்டி நிற்கிற நேரம்தான் அதிகம். திறந்து திறந்தே நகம் தேய்ந்துபோன என் தோழிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் கடத்தல் பயம் வந்த பிறகு எங்களையும் சோதித்தார்கள். சில நாள் சோதிப்பார்கள், சில நாள் விட்டுவிடுவார்கள். எனக்கு அது வெறும் எரிச்சல் இல்லை. நான் பம்பாய் விடுதியில் தனி. அம்மா போன பிறகு அப்பா எங்கள் ஊரான பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறியோடு தனி. தறிக்கு அமாவாசையன்றுதான் ஓய்வு என்பதால், அன்று மெட்ராஸ் வந்து திரும்புகிற டூட்டியைக் கேட்டு வாங்குவேன். அப்பா இட்லிப் பொட்டலத்தோடு பஸ் ஏறி மீனம்பாக்கம் வந்து கம்பிக்கு வெளியே நிற்பார். எவ்வளவு நேரம் பேசலாம் என்பது சோதனையைப் பொறுத்தது.

ஊசி

ரவிக்கைக் கொக்கி அறுந்தால் தைக்க ஓர் ஊசி வைத்திருப்பேன். பம்பாயில் அதைக் கண்டுகொள்ளவில்லை. மெட்ராஸில் ஆயுதம் என்று பிடுங்கிக்கொண்டார்கள். விமானத்துக்குள் பயணிகள் எல்லோருக்கும் நானே கத்தி எடுத்துக் கொடுக்கிறேனே என்று வாதாடிப் பார்த்தேன். காவலர் அசரவில்லை.

"கத்தி கம்பெனியுதும்மா. ஊசி உன்னுது."

லீவு

பெண்களைச் சோதிக்க மீனம்பாக்கத்தில் ஒரே ஒரு பெண் போலீஸ். புடவைக் கொசுவத்தைக்கூட உதறிக் காட்டச் சொல்வார். அதற்காகவே அப்பாவை அரைமணி முன்னதாக விட்டுவிட்டு உள்ளே ஓட வேண்டும்.

ஓர் அமாவாசையன்று அந்தப் பெண் போலீஸை வாசலில் காணவில்லை. அந்த அரைமணியும் எனக்கே கிடைத்தது. தறியில் அரக்குச் சேலை ஓடுகிறது என்றார் அப்பா. இட்லியை எதிர்வீட்டு அத்தை செய்து தருவதாகச் சொன்னார். பிறகு உள்ளே போனால், கேப்டனின் தொப்பியைக்கூடக் கழற்றிப் பார்த்தவர்கள் என்னை நிறுத்தவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"பொம்பள போலீசு லீவும்மா. இன்னிக்கு பொம்பளைங்க யாரும் குண்டு வெக்க மாட்டாங்க."

இழை

அடுத்த அமாவாசைக்கு அந்தப் பெண் போலீஸ் வந்துவிட்டார். எத்தனையோ தடவை பிரிக்காமலே விட்ட பொட்டலத்தை அன்று பிரித்து, மிளகு சீரகம் போட்ட எங்கள் ஊர் இட்லியைப் பிட்டே பார்த்தார். உள்ளேயிருந்து அரக்கு நிறத்தில் ஒரு பட்டு இழை வந்தது. யார் செய்தது என்றார். எதிர்வீட்டு அத்தை என்றேன். அவர் தறி நெய்வாரா என்றார். இல்லை, பூ கட்டி விற்கிறவர் என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா இருந்தவரை அடுப்படிப் பக்கமே வராத அப்பா, எனக்காக மாவு கரைத்திருக்கிறார். நானோ இட்லி நன்றாக இருந்தது என்று அத்தைக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தவர்களை வெளியே விடுவதில்லை. அங்கே மாறாத விதி அது ஒன்றுதான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். ஓடினேன். கம்பியோரம் யாருமில்லை, அப்பா பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார். அழுகையோடு திரும்பி வந்து, மறுபடி சோதிப்பார்களே என்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தொடவில்லை.

"கைய எறக்கும்மா. மொதல்ல ஒக்காந்து அந்த இட்லிய துன்னு."

பதினோரு வருஷத்தில் எத்தனையோ ஊர்களில் என் பையைக் கலைத்திருக்கிறார்கள். உருப்படியாக ஒன்றைக் கண்டுபிடித்தது அந்த ஒரு தடவைதான்.