கறுத்துப்போன கொய்யாச் சாறு

மகள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளை எழுந்து நடந்தால், திருவிழாவில் பால்குடம் எடுப்பவர்களுக்கு என் கையாலேயே பழச்சாறு கொடுப்பதாக. பிள்ளை நடந்தாள். நாங்கள் நியாலாஸ் ரப்பர் தோட்டத்து வேலையை விட்டுவந்து புக்கிட் ரம்பாயில் குடியிருந்த காலம் அது.

கோயிலில் எல்லாரும் கொடுப்பது சிவப்புச் சிரப் தண்ணீர்தான். சாயத்தைக் கரைத்து ஊற்றி வேண்டுதலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல கொய்யாவாக வாங்கி, முதல் நாள் சாயங்காலமே நறுக்கி அரைத்து, சீனி போட்டு, பெரிய வாளி நிறைய வைத்தேன். ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னாள் மனைவி. நாங்கள் விரதம் இருந்தாலும், அதற்கு முன்பு அந்தப் பெட்டியில் கோலா சுங்கை பாருவில் வாங்கிய மீன் இருந்தது. கவுச்சி பட்ட இடத்தில் சாமிக்குரியதை வைக்கக் கூடாது என்று மறுத்துவிட்டேன். வெள்ளைத் துணியால் வாளியை மூடிச் சமையலறையிலேயே விட்டேன்.

விடிந்து பார்த்தால் இளம்பச்சை போய் மேலே பழுப்பு படர்ந்திருந்தது. ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்றாள் மனைவி. படைக்கும் முன் எச்சில் செய்வதா என்று அதட்டினேன்.

பூசாரி படைத்துக் கொடுத்தார். முதல் குவளையை வாங்கியது வெயிலில் நடந்து வந்த ஒரு பெண். வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்து, குவளையை மெதுவாகச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். கொட்டு அடிக்கும் பையன்களில் ஒருவன், "அண்ணே, இது கொய்யாவா, நேத்துப் போட்ட தேத்தண்ணியா?" என்று கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் அப்போதுதான் குடித்துப் பார்த்தேன். புளித்து, நாக்கில் கசந்தது.

படைத்ததைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. கோயில் தென்னைகளின் அடியில் சுமந்துபோய் ஊற்றினேன். யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்தே நடந்தேன். திரும்பி வந்தபோது மனைவி பக்கத்துப் பந்தலில் சிரப் ஊற்றிக்கொண்டிருந்தாள். அது அவர்கள் வேண்டுதல், எங்களுடையது அல்ல.

அந்தப் பந்தல் அக்கா பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பழத் தண்ணீர் விற்பவர். அரிந்த பழம் காற்றுப் பட்டால் கறுக்கும், சத்தும் குறையும் என்றார். துண்டுகளைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, எலுமிச்சை பிழிந்து அரைத்து, போத்தலில் வாய்வரை நிரப்பி இறுக மூடி, ஐஸில் வைக்க வேண்டுமாம். பிறகு என்னைப் பார்த்து, "சாமி பேரச் சொல்லிக் கெட்டத ஊத்தாதீங்கலா தம்பி," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

அந்த வருடம் முழுவதும் மகளுக்கு லேசாகச் சூடு கண்டாலும் வேண்டுதல் பாக்கி நிற்கிறதே என்று நடுங்கினேன்.

அடுத்த திருவிழாவுக்கு முன் ஐஸ் பெட்டியைக் கழுவித் துடைத்து, அதில் மீனே வைக்கவில்லை. அக்கா சொன்னபடியே செய்தோம். சாமிக்குத் தனிப் போத்தல், எங்கள் நாக்குக்குத் தனிப் போத்தல். நிறம் மாறவில்லை. மனைவிதான் முதலில் குடித்துவிட்டுத் தலையசைத்தாள்.

வந்தவர்கள் குடித்தார்கள், சிலர் மறுபடியும் கேட்டார்கள். வேண்டுதல் தீர்ந்தது. ஆனாலும் நிமிர்ந்து பார்க்கக் கூசியது. நீட்டிய கைகளை மட்டும் பார்த்து ஊற்றிக்கொண்டே இருந்தேன்.