கப்பல் ஏறிய ஆர்தர்

நேற்று செஞ்சியில் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது டிவியில் ரக்பி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் காத்திருந்த ஒரு அம்மா, "இன்னா ஆட்டம்மா இது, பந்த வச்சிக்கினு கட்டிப் புரள்றானுங்க?" என்று கேட்டார். பந்தை அணைத்துக்கொண்டு ஓடலாம், எறிவதென்றால் பின்னால் வருகிறவனுக்குத்தான் எறியலாம் என்று விளக்கினேன். "நீ ஆடுவியா?" என்றார். எனக்கு மாடிப்படி ஏறினாலே முட்டி வலிக்கும். அந்தப் பந்தைத் தொட்டதுகூட இல்லை.

உள்ளேயிருந்து கிராம்புத் தைல வாசனை வந்தது. என்னோடு வேலை பார்த்த ஜெயந்தி கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு வைத்திருப்பாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஒரு டேட்டா என்ட்ரி சென்டர். என் முதல் வேலை அங்கேதான். இங்கிலாந்தின் பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். பார்த்து அப்படியே டைப் அடிக்க வேண்டும். புரிய வேண்டியதில்லை, எழுத்து தப்பாமல் இருந்தால் போதும். நான் பனமலையிலிருந்து வருவேன், அவள் தொண்டூரிலிருந்து. ஒரு பக்கம் எனக்கு, அடுத்த பக்கம் அவளுக்கு.

விக்டோரியா ராணி காலத்து ரக்பி ஆட்டக்காரர் ஆர்தர் அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார். கம்பளி மில் தொழிலாளி. சனிக்கிழமைகளில் ஆட்டம். தோள் எலும்பு முறிந்தும் ஒருமுறை கடைசிவரை ஆடியிருக்கிறார். இங்கிலாந்து அணி வரைக்கும் போனார். பிறகு, காசு வாங்காமல்தான் ஆட வேண்டும் என்ற அந்தக் காலத்து விதியை மீறி, ஆடப்போன நாளுக்குக் கூலி வாங்கினார் என்று சொல்லி ஆட்டத்தைவிட்டே விலக்கிவிட்டார்கள். நீங்கள் சிரிக்கலாம், நானும் ஜெயந்தியும் அன்று பூராவும் கோபமாக இருந்தோம். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் முதல் பேச்சே, "உன் பக்கத்துல ஆர்தர் வந்தாராடி?" என்பதுதான்.

அந்தச் சமயத்தில் என்னைப் பெற்ற நைனா இறந்துபோனார். ஆஸ்பத்திரியில், மூச்சுத் திணறி. நான் டீ வாங்கக் கீழே இறங்கியிருந்த நேரம்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் கேட்டேன்: "ஆர்தர் இன்னா ஆனாரு?"

ஜெயந்தி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள்: "கல்யாணம் ஆயி கனடாவுக்குக் கப்பல் ஏறிட்டாரு. அங்க ஆப்பிள் தோட்டமாம். நீ சாப்டியா?"

நைனா போனபின் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

சில மாதத்தில் ஜெயந்தி கல்யாணமாகி பெங்களூர் போனாள். அவள் அடித்ததெல்லாம் சரிபார்க்க என்னிடம் வந்தது. நைனா காரியத்துக்காக நான் வராத நாட்களில் அவள் அடித்த ஒரு பக்கத்தின் அடியில் நாலே வரி. முன்னாள் ஆட்டக்காரர் ஆர்தர், நுரையீரல் காய்ச்சலில், ஆஸ்பத்திரியில் காலமானார். பக்கத்தில் உறவினர் யாருமில்லை. தப்பே விடாத ஜெயந்தி அந்த நாலு வரியில் ஆறு இடத்தில் எழுத்தை மாற்றி அடித்திருந்தாள். ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

ஒருநாள் போன் செய்தாள். "ஆர்தர் மாதிரி நீயும் எங்கனா கிளம்பிடு" என்றாள்.

"ஆமாண்டி" என்றேன்.

சென்டரை மூடி வெகுகாலம் ஆயிற்று. அந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஜெயந்தியின் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு குரல். ஆர்தர் என்றால் யாரென்று கேட்காத ஒரே ஒருத்தி, நான் இன்னமும் அந்த ஆப்பிள் தோட்டத்தை நம்பிக்கொண்டிருப்பதாக எங்கேயோ நினைத்துக்கொண்டிருக்கிறாள்.