ஓஃபெலியா வீட்டு விளக்கு

நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும். கார்பஸ் கிறிஸ்டி என்ற கடலோர ஊரில் அர்னுல்ஃபோ பெனவிதெஸ் நடத்தும் எலக்ட்ரிகல் கடையில் போன் எடுப்பதும், வரும் புகார்களைச் சீட்டில் எழுதி வேலையாட்களிடம் கொடுப்பதும் என் வேலை. ஆகஸ்டு முதல் வாரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "புது லைட் என் புருஷனைக் கூப்பிடவில்லை."

எழுதியவர் ஓஃபெலியா சயேன்ஸ். அவருக்கும் அவர் கணவர் நிகனோருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. கையால் பேசிக்கொள்கிறவர்கள். எழுத்து அவர்கள் பிறகு கற்ற மொழி. ஏதோ சொல் இடம் மாறிவிட்டது என்று நானே முடிவு செய்து, "புது லைட் எரியவில்லை" எனத் திருத்திச் சீட்டை டெல்ஃபினா அக்காவிடம் நீட்டினேன்.

டெல்ஃபினா கந்தூவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. கடையில் பத்தொன்பது வருடமாக இருந்தாள். சீலிங் ஃபேனுக்கு ரெகுலேட்டர், விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர், இரண்டையும் ஒரே சுவிட்ச் பெட்டிக்குள் அடக்குவது என்றால் அவள்தான். ஒரு குட்டிப் பெட்டிக்குள் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, வெறும் செம்பு என்று அத்தனை வயர்களையும் மடித்துத் திணித்துப் பலகையை மூட மற்றவர்களுக்குப் பொறுமை கிடையாது. ஆனால் அந்த வேலை ஆளை உருக்கிவிடும். பாதி நாள் கூரைக்கடியில், சூடு இறங்காமல் பரப்பிய காப்புப் பஞ்சின் நடுவே முழங்காலிட்டிருக்க வேண்டும். மீதி நாள் ஏணியில் நின்று கழுத்தை அண்ணாந்தபடி. மதியம் திரும்பி வரும்போது சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். தோள்பட்டை இரண்டிலும் வலி மருந்துப் பட்டை ஒட்டியிருப்பாள். முட்டை வைத்துச் சுருட்டிய டாக்கோ ரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு, தின்ன மறந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

கணவன் ரொகெலியோ எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று ஒடெஸா போனவன், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். மகள் டாலஸில். அக்கா யாரோடும் அதிகம் பேசமாட்டாள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். போன் அடித்தால் எடுக்காமல், "எழுதி அனுப்பு" என்று பதில் போடுவாள். தலைக்கனம் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். நானும்தான்.

அன்று சீட்டைக் கொடுத்தபோது சொன்னேன், "அக்கா, சயேன்ஸ் வீட்ல லைட் எரியலையாம்."

"எந்த வீடு?"

"சயேன்ஸ் வீடு. போன வாரம் நீங்கதானே வரவேற்பறைல டிம்மர் மாட்டினீங்க?"

"எதுக்கு முணுமுணுக்குற? சீட்டுல இருக்குல்ல, விடு."

நான் முணுமுணுக்கவில்லை. சாதாரணமாகத்தான் பேசினேன்.

அவள் போய்ப் பார்த்தாள். விளக்கு அழகாக எரிந்தது. கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. "பழுது இல்லை" என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து அதே செய்தி மறுபடி வந்தது. மறுபடி போனாள். இந்த முறை டிம்மரையே கழற்றிப் புதிது போட்டாள், பல்புகள் ஆறையும் மாற்றினாள், மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர் வரை சோதித்தாள். வந்து நாற்காலியில் விழுந்தாள்.

அர்னுல்ஃபோ உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன டெல்ஃபினா, பேசாம அந்த வீட்டுக்கே மருமகளாப் போயிடேன். பெட்ரோலாவது மிச்சமாகும்."

அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேலை சுத்தமாத்தான் இருக்கு, அர்னுல்ஃபோ. அவங்களுக்கு என்ன வேணும்னுதான் எனக்குப் புரியலை" என்றாள். குரலில் சண்டை இல்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை.

மூன்றாவது செய்தி கொஞ்சம் கோபமாக வந்தது. "லைட் எரியுது. நல்லா எரியுது. கூப்பிட மாட்டேங்குது. ரெண்டு தடவை சொல்லியாச்சு."

அர்னுல்ஃபோ அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "யோலி, நீதானே இவங்களோட எழுதிப் பேசுறவ. நீயும் கூடப் போ. என்னதான் சொல்றாங்கன்னு கண்ணால பாத்துட்டு வா."

அப்படித்தான் நானும் அக்காவின் வண்டியில் ஏறினேன். வண்டியின் ஏசி எப்போதோ செத்துப்போயிருந்தது.

ஓஃபெலியா வாசலிலேயே காத்திருந்தார். எழுபதை நெருங்குகிறவர், குள்ளமான உருவம், வேகமான கைகள். உள்ளே நுழைந்ததும் எங்கள் இருவரையும் வரவேற்பறையில் நிறுத்தி, ஒரு விரலைத் தூக்கினார்: பொறுங்கள். நிகனோர் அறையின் மறுகோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி மேசையில் குனிந்து ஒரு ரேடியோவின், ஆமாம், ரேடியோவின் உட்பாகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். (அக்கம்பக்கத்தாரின் பழைய சாமான்களைச் சரிசெய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. தான் சரிசெய்த ரேடியோ பாடுகிறதா என்று பக்கத்து வீட்டாரைத்தான் கேட்பாராம்.)

ஓஃபெலியா டிம்மரை அணைத்தார், போட்டார், அணைத்தார், போட்டார். விளக்கு மெல்ல மங்கி, அணைவதற்குள் மெல்லத் தெளிந்தது. சாயங்காலம் படிவதுபோல் இருந்தது, அவ்வளவுதான். நிகனோர் திரும்பவில்லை. பிறகு ஓஃபெலியா சமையலறை வாசலுக்குப் போய் அங்கிருந்த பழைய சாதாரண சுவிட்சை இரண்டு முறை தட்டினார். பளிச், பளிச். அந்தச் சிறு விளக்கு வெட்டிய வெட்டில் நிகனோர் உடனே நிமிர்ந்து, என்ன என்பதுபோல் கையை விரித்தார்.

அவர்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நாற்பது வருடமாக. வரவேற்பறையின் பெரிய விளக்குதான் அவர்களுடைய குரல். நாங்கள் போட்ட டிம்மர் எதையும் வெடுக்கென்று செய்யாது, இதமாகத்தான் ஏறும், இதமாகத்தான் இறங்கும். அதைத்தான் அந்த அம்மாள் முதல் நாளே எழுதினார். நான் திருத்தினேன்.

"அக்கா, இது என் தப்பு. அவங்க சரியாத்தான் எழுதியிருந்தாங்க. நான்தான் மாத்தி எழுதினேன்."

அக்கா விரல் விட்டு எண்ணினாள். "ரெண்டு டிம்மரு, ஆறு பல்பு, ரெண்டு தடவை ஏணி." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

டிம்மரையே எடுத்துவிடலாம் என்று எழுதிக் காட்டினோம். நிகனோர் தலையை ஆட்டி மறுத்தார். கண்ணில் அறுவை செய்திருந்ததால் முழு வெளிச்சம் அவருக்குக் கூசியது. அதற்காகத்தானே டிம்மர் கேட்டதே. அக்கா கூரையைப் பார்த்தாள். பிறகு ஆறு விளக்கில் ஒன்றை மட்டும் தனியே பிரித்து, பக்கத்தில் சாதாரண சுவிட்ச் ஒன்று வைத்துவிடலாம் என்று படம் வரைந்து காட்டினாள். ஐந்து விளக்கு வெளிச்சத்துக்கு, ஒன்று கூப்பிடுவதற்கு. நிகனோர் படத்தை வாங்கிப் பார்த்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த வயரை இழுக்கப் படுக்கையறை வழியாகத்தான் கூரைக்குள் ஏற வேண்டும். நான் ஏணியைப் பிடிக்கப் பின்னால் போனேன். அறைக்குள் கால் வைத்ததுமே எனக்குக் கேட்டது. ர்ர்ர் என்று, பல்லுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது, இந்த இரைச்சல் இரையுது?"

"எது?"

"இந்தச் சத்தம்தான்."

அக்கா ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஃபேன்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றாள். ஆனால் அவள் கண் என் முகத்தில் எதையோ தேடியது. அவளுக்குக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஓஃபெலியா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் எங்களைவிட முன்னாலேயே எதையோ கண்டுகொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன். சுவரோரம் வந்து, அக்காவின் வலது கையைப் பிடித்து, சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினார். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. சூடாகவும் இருந்தது.

அக்கா கையை வெடுக்கென்று எடுத்து, "பிரேக்கரை இறக்கு, யோலி. ஓடு" என்றாள்.

பலகையைக் கழற்றியபோது கருகிய வாசம் வந்தது. இரண்டு வருடம் முன்பு வீட்டை இவர்களுக்கு விற்றவனோ, அவனுக்கு முந்தினவனோ, ஃபேனுக்கு விளக்கு டிம்மரை மாட்டி வைத்திருந்தான். விளக்குக்கு உரியதை மோட்டாருக்குக் கொடுத்தால் மோட்டார் இரையும், டிம்மர் கொதிக்கும். காது கேட்கிற எவர் வீட்டிலும் முதல் நாளே தெரிந்துபோயிருக்கும். உள்ளே பிளாஸ்டிக் பழுப்பேறி வளைந்திருந்தது. ஒரு வயரின் மேலுறை தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி ஜன்னல் திரை.

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "போன தடவை இந்த ஃபேனுக்கு அடியில நின்னுதான் சர்பத் குடிச்சேன். பத்து நிமிஷம் நின்னேன்டி."

ஓஃபெலியா ஒரு தாளில் எழுதி அவள் மடியில் வைத்தார். நானும் பார்த்தேன். "உங்களுக்குக் காது எப்பலேர்ந்து கேக்கலை? முதல் நாளே பாத்தேன். என் புருஷன் வாயையும் பாத்தீங்க. அவர் வாயால எதுவும் பேசலையே."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கி எழுதினாள்: "நாலு வருஷம்." பிறகு அதை அடித்துவிட்டு, "ஆறு" என்று எழுதினாள்.

வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஃபேனுக்கு வண்டியில் இருந்த சரியான ரெகுலேட்டரை வைத்து, கருகிய வயரை வெட்டியெடுத்துப் புதிது இழுத்து, வரவேற்பறையில் சுவிட்சையும் பொருத்தினாள். நான்கரை மணி நேரம். கூரையிலிருந்து இறங்கும்போது முழங்கால் மடங்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியில் ஏறியதும், "அர்னுல்ஃபோகிட்ட நீ சொல்லாதே. நானே சொல்றேன்" என்றாள்.

"ஏன்க்கா இத்தனை நாளும் மறைச்சீங்க?"

"யார் மறைச்சா? யாரு கேட்டீங்க?" கொஞ்ச தூரம் போன பிறகு, "காது போன பொம்பளைய எவன்டி ஏணியில ஏத்துவான்" என்றாள்.

மறுநாள் அவள் சொன்னபோது அர்னுல்ஃபோ பேனாவைக் கீழே வைத்தார். கேலி எதுவும் செய்யவில்லை. "நான் பேசினா நீ பதில் சொல்லாதப்பல்லாம் என்மேல கோபம்னு நெனச்சேன்" என்றார். இனி கூரை வேலைக்கு அவள் தனியாகப் போகக்கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்த பெண், இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது என்றாளாம். அதோடு இன்னொன்றும் சொன்னாளாம்: நாளெல்லாம் ஒவ்வொரு வார்த்தையையும் வாயைப் பார்த்துப் பிடித்துக் கோத்துக்கொண்டே இருந்தால் மனிதருக்குச் சோர்வு எலும்பு வரைக்கும் இறங்கும் என்று. அக்கா அதை என்னிடம் சொன்னபோது ஒருமாதிரி ஆச்சரியமாகச் சொன்னாள். "வயசாச்சுன்னு நெனச்சேன், யோலி. வெயிலுன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போனா செருப்பைக் கழட்டக்கூட முடியாது. அது இதனாலயும்தானாம்."

காதுக் கருவி வந்த முதல் வாரம் அவளுக்கு எல்லாமே எரிச்சல். காகிதம் கசங்குவது எரிச்சல், நான் ஸ்பூனால் காப்பி கலக்குவது எரிச்சல். கூரைக்குள் ஏறினால் வியர்வையில் அது கூவும், கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். சோர்வு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தோள் அதே தோள்தான், ஆகஸ்டும் அதே ஆகஸ்டுதான். ஆனால் மதியம் வந்து உட்கார்ந்தால் இப்போது சாப்பிடுகிறாள்.

செப்டம்பரில் ஓஃபெலியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. குளியலறைக் காற்றாடியும் சுவரை அதிரவைக்கிறதாம், வந்து பார்க்க வேண்டுமாம். இந்த முறை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே சீட்டில் எழுதினேன். அக்கா வாங்கிப் படித்துவிட்டுப் பையைத் தூக்கினாள்.

"நானும் வரட்டுமாக்கா?"

"வா, ஏணியப் புடி. வாயை மட்டும் மூடிக்கிட்டு வா, காலையில காப்பி கலக்கிக்கிட்டே நீ பேசினதே இன்னும் காதுல நிக்குது" என்றாள்.