லேசான கிட்டார்

பேஸ் கிட்டாரைச் சுமந்து வந்த முதுகுவலியால் கச்சேரிகளையே விட்டுவிடலாம் என்றிருந்தேன். எடை குறைந்த பேஸ் கிட்டார் ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு, மலைப் பாதையில் பஸ் குலுங்க, இடுப்பைப் பிடித்தபடி சோளக்காடு என்ற ஊருக்குப் போனேன். அதை வைத்திருந்தவரும் மேடையில் வாசிப்பவர்தான்.

"நின்னுக்கிட்டே ஒரு பாட்டு முழுசா வாசிங்க," என்றார்.

கிட்டார் லேசாகத்தான் இருந்தது. ஆனால் அதன் கழுத்து கீழே சாய்ந்துகொண்டே இருந்தது. இடது கையால் தாங்கித் தாங்கித் தோள் கடுத்தது. இன்னொன்றைத் தேட எனக்குத் தெம்பில்லை.

"பரவாயில்லீங்க, எடுத்துக்கறேன்," என்றேன்.

"வேண்டாமுங்க. வலி தோளுக்கும் ஏறிக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. சாயாததா ஒன்னு பாத்துச் சொல்றேன்."

சொன்னபடியே ஒன்றைத் தேடிக் கொடுத்தார். "உங்களுதை வித்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கேங்க, வர்றவங்ககிட்டயெல்லாம் உண்மையைச் சொல்லிடறேனுங்க," என்று தோளைத் தேய்த்தபடி சிரித்தார்.

மேடையில் என் முதுகு நிமிரும்போதெல்லாம் அவர் தோள் நினைவுக்கு வந்து எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.