மீன் ஐஸ் அறைக்குள் மூன்று லைற்: குளிருக்குப் பற்றரி தேடிய பயணம்

சென்ற தை மாதம் நுவரெலியாப் பக்கம் மலையேறப் போனோம். விடியுமுன், புல்லெல்லாம் உறைபனி. முன்னால் வழிகாட்டியாக நடந்தது நான். தலையில் கட்டியிருந்த லைற் பாதி வழியில் செத்துப்போனது. மனைவியின் தம்பி சுகந்தன் கைபேசி வெளிச்சத்தில் ஏழு பேரையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தான். அதற்குப் பிறகு எங்களூர் நிலாவெளியில் நடந்த எந்தக் கல்யாண வீட்டிலும் அந்தக் கதையை அவன் சொல்லாமல் விட்டதில்லை. இந்தத் தையிலும் போகிறோம். முன்னால் யார்?

"அணையாத லைற் ஒண்டைக் காட்டுங்கோ, பிறகு பாப்பம்" என்றாள் மனைவி. காட்டியே தீருவது என்று கிளம்பினேன்.

மழைக்காலத்தில் மின்விசிறியை நிறுத்துவதே எங்களூர்க் குளிர். உறைகுளிருக்கு ஒரே இடம், துறைமுகத்தடி மீன் ஐஸ் அறை. அதற்குப் பொறுப்பானவன் வேறு யார், சுகந்தன்தான்.

சனிக்கிழமை காலை 5.40 பஸ். நகரத்துக்கு 14 கிலோமீற்றர், 35 நிமிடம், நூறு ரூபாய். அங்கிருந்து ஓட்டோவில் மூன்று கிலோமீற்றர், 350 ரூபாய். ஓட்டோக்காரர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூண்டு லைற்றோட எங்க ஐயா? களவெடுக்கவோ?"

"ஐஸுக்க வைக்கப் போறன், தம்பி."

அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

6.50க்கு உள்ளே போனேன். வாசல் வெப்பமானியில் சுழியத்துக்குக் கீழ் நான்கு பாகை. முதலாவது லைற்றில் பாவித்துவிட்டு எறியும் சாதாரண பற்றரி. இரண்டாவதில் நடைபாதைக் கடையில் வாங்கிய, 9900 mAh என்று பெரிதாக அச்சடித்த லித்தியம் பற்றரி. மூன்றாவதில் பென்டோர்ச்சுக்குப் போடும் AA அளவு நிக்கல் ரீசார்ஜ் பற்றரி. மூன்றையும் எரியவிட்டு, கடற்கரை ஆள் அல்லவா, ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை லைற் என்று பெட்டியில் அடுக்கினேன்.

சுகந்தன் தலையில் கை வைத்தான். "அத்தான், இதென்ன சூரை மீனே? தண்ணி பட்டுச் செத்தா குளிர்லயோ ஈரத்திலயோ எண்டு எப்பிடித் தெரியும்?"

துடைத்துக் கொக்கியில் தொங்கவிட்டோம். 9900 வீரன் 7.35க்குக் கண்ணை மூடினான். (அந்த அளவுப் பற்றரிக்கு அவ்வளவு கொள்ளளவு உலகத்திலேயே கிடையாது, கையில் பஞ்சு மாதிரி இருந்தபோதே யோசித்திருக்க வேண்டும்.) சாதாரண பற்றரி 8.05க்கு மினுக்கட்டாம் பூச்சியானது. நிக்கல் மட்டும் பத்து மணிக்கும் எரிந்தது.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பொறுங்கோ. மலையில பற்றரி முடிஞ்சா? உள்ளுக்க நிண்டு மாத்திக் காட்டுங்கோ" என்றான் சுகந்தன்.

அரைக்கைச் சட்டையோடு உள்ளே நின்றேன். விரல்கள் என்னுடையவை போலவே இல்லை. ஒரு பற்றரி அறக்குளா மீனின் வாய்க்குள் விழுந்தது. நான்கு நிமிடம்! வெளியே வந்து தேநீர் குடித்துவிட்டு மறுபடி. இரண்டரை. மூன்றாம் முறை, கைகளைக் கக்கத்தில் சூடாக்கி, மாற்றுப் பற்றரியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்து மாற்றினேன். ஐம்பது விநாடி.

குளிரான இடத்துக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல கடையில் நிக்கல் வகை நான்கும் சார்ஜரும் 4,200 ரூபாய், அதையே வாங்குங்கள். லித்தியம்தான் பொருந்தும் கருவி என்றால், எண்ணைப் பார்த்து மயங்காமல் தெரிந்த கடையில் எடுங்கள். குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். மாற்றுப் பற்றரி பைக்குள் அல்ல, உடம்போடு இருக்கட்டும். வீட்டிலேயே கண்ணை மூடி மாற்றிப் பழகுங்கள்.

சுகந்தன் அக்காவுக்குப் போன் எடுத்தான். "ஓம் அக்கா, அத்தான் வெண்டிட்டார். முன்னுக்கு அவரே நடக்கட்டும்." போனை வைத்துவிட்டு என் எலும்பு மார்பை ஒரு தரம் பார்த்தான். "ஆனா மாத்துப் பற்றரியை என்னட்டத் தாங்கோ அத்தான். உங்களில சூடு காணாது."

முன்னால் நான் நடப்பேன். என் வெளிச்சம் அவனுடைய தொப்பையில் இருக்கும்.